ஒரு துளி இரத்தம் போதுமா? உண்மை விளக்கம்

"ஒவ்வொரு உறுப்புக்கும் தனி டிஎன்ஏ உண்டு; ஒரு துளி இரத்தத்தைப் பார்த்தாலே எங்கே புற்றுநோய் என்று தெரிந்துவிடும்" என்ற செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இதில் கொஞ்சம் உண்மையும் கலந்திருப்பதுதான் தொல்லை.

செல்கள் மடியும்போது அவற்றின் டிஎன்ஏ துண்டுகள் இரத்தத்தில் கலந்து மிதக்கும். கல்லீரலிலும் குடலிலும் டிஎன்ஏ வரிசை ஒன்றேதான். மாறுபடுவது அதன்மேல் ஒட்டிய மெத்தில் குறிகள் எனும் சிறு வேதிக் குறிகள். பைசல்பைட் என்ற வேதிப்பொருள் கொண்டு வினைபுரியச் செய்தால், டிஎன்ஏவின் எழுத்துகளில் ஒன்றான சைட்டோசின், குறியில்லாவிட்டால் தைமின் என்ற வேறொரு எழுத்தாக வாசிக்கப்படும். குறியுள்ளது அப்படியே நிற்கும். அந்த வடிவத்தை வைத்துத்தான் திசுவைக் கணிக்கிறார்கள்.

துளிக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 50 மைக்ரோலிட்டர் துளியில் பிளாஸ்மா (அணுக்கள் நீங்கிய திரவப் பகுதி) பாதி, 25. பிளாஸ்மாவில் மிதக்கும் டிஎன்ஏ மில்லிலிட்டருக்கு 5 நானோகிராம் என்றால் கிடைப்பது 0.125 நானோகிராம். ஒரு முழு மரபணுத்தொகுதி 3.3 பிக்கோகிராம் (ஒரு நானோகிராம் 1,000 பிக்கோகிராம்), ஆக, ஏறத்தாழ 38 பிரதிகள். கட்டியின் பங்கு ஆயிரத்தில் ஒன்று என்றால், குறிப்பிட்ட ஓரிடத்தைத் தேடினால் பெரும்பாலும் கையில் எதுவும் சிக்காது. அதனால்தான் 10 மில்லிலிட்டர் குழாய்களில் எடுக்கிறார்கள்.

எடுத்த பிறகும் கெடும். இரத்தம் உறையாமல் தடுக்கும் சாதாரண இடிடிஏ குழாயைச் சில மணி நேரத்துக்குள் சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரிக்காவிட்டால் வெள்ளையணுக்கள் உடைந்து தங்கள் டிஎன்ஏவைக் கொட்டும். (ஆரோக்கியமானவரிடமும் மிதக்கும் டிஎன்ஏவில் பெரும்பகுதி இரத்த அணுக்களுடையதே.) முதலில் 1,600 ஜி (புவியீர்ப்பைப் போல் 1,600 மடங்கு), பிறகு பிளாஸ்மாவை மட்டும் 16,000 ஜி விசையில் சுழற்றுவது வழக்கம்.

இரத்தத்தில் கல்லீரல் டிஎன்ஏ கூடினால் அங்கே செல்கள் மடிகின்றன என்று பொருள். காரணம் கட்டியா, அழற்சியா என்பதை அந்த அளவு மட்டும் சொல்லாது. ஸ்கேனும் தேவைப்பட்டால் திசுச் சோதனையும் வேண்டும்.