பிரசவ வலி ‘57 டெல்’லா? அப்படி ஓர் அலகே இல்லை

“மனித உடல் 45 டெல் வலியைத்தான் தாங்கும், பிரசவத்தில் 57 டெல், 20 எலும்புகள் ஒன்றாக முறிவதற்குச் சமம்” என்ற ஃபார்வர்டு மீண்டும் சுற்றுகிறது. தவறு. (தாங்க முடிவதே 45 என்றால் 57 எப்படி வந்தது?)

1940களில் ஹார்டி, உல்ஃப், குடெல் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் மூவரும் வலியை அளக்க ‘டோல்’ (டெல் அல்ல) என்ற அலகை முன்வைத்தது உண்மை. கருமை பூசிய நெற்றியில் விளக்கின் வெப்பத்தை 3 விநாடி பாய்ச்சி அளந்தார்கள். அந்த அளவுகோலின் உச்சம் 10.5 டோல்தான். அதுவும் நிலைக்கவில்லை: கருவி அளந்தது வெப்பத்தை, வலியோ அனுபவிப்பவருக்கு மட்டுமே நேரடியாகத் தெரிவது. வலியின் தத்துவம் பேசும் அடிப்படைச் சிக்கலே இதுதான்.

சர்வதேச வலி ஆய்வுச் சங்கத்தின் 2020 வரையறையும் வலி எப்போதும் தனிப்பட்ட அனுபவமே என்கிறது. அவர்கள் இணையதளத்திலேயே பார்க்கலாம். பிரசவ வலி கடுமையானது என்பதில் சந்தேகமில்லை, அதற்குப் பொய்க்கணக்கு தேவையில்லை. இதை இனி ஃபார்வர்டு செய்யாதீர்கள்.