27 இன்ச்னு சொல்லித் தலையில கட்டுறாங்க

மானிட்டர் வாங்கக் கடைக்குப் போனா முதல் கேள்வி, "பட்ஜெட் எவ்வளவு?" சரி, கேக்கட்டும். அடுத்த கேள்வி, "எத்தனை இன்ச்?" அவ்வளவுதான், பெட்டியை இறக்கிடுறாங்க. எதுக்கு வாங்குறீங்க, நாள் முழுக்க எழுத்து படிக்கிற வேலையா, கேம் ஆடவா, என்ன கிராபிக்ஸ் கார்டு இருக்கு, கண்ணுக்கும் திரைக்கும் எவ்வளவு தூரம்னு ஒருத்தர் கேக்குறதில்லை. ஒரு செருப்புக் கடையில கூட கால் அளவு பாத்து, போட்டு நடந்து பாருங்கன்னு சொல்றாங்க. தினம் எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் கண்ணு வச்சுப் பாக்கப்போற பொருளை, அட்டைப்பெட்டி மேல அச்சடிச்ச படத்தைப் பாத்து வாங்கிட்டுப் போன்னு சொல்றாங்க. எனக்கு இதுல வர்ற கோவம் சாதாரணக் கோவம் இல்ல.

எங்க அக்கா வீட்டுல இருந்தே பிழைதிருத்தம் பாக்குறவங்க. பள்ளிக்கூட கைடு, இலக்கணப் புத்தகம், சில சமயம் நாவல். காலையில உக்காந்தா சாயங்காலம் வரைக்கும் பக்கம் பக்கமா தமிழ் எழுத்துதான். பையன் கல்லூரியில படிக்கிறான், ராத்திரி வேலரன்ட்னு ஒரு துப்பாக்கிச் சண்டை கேம் ஆடுவான். ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு மானிட்டர்னு 13,000 ரூபாய் சேத்து வச்சு மதுரையில ஒரு கடைக்குப் போனாங்க. கடைக்காரர் எடுத்துக் கொடுத்தது 27 இன்ச், வளைஞ்ச திரை, ஃபுல் எச்டி, 165 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 165 படம்), பெட்டி மேல கொட்டை எழுத்துல "1 எம்எஸ்", அதாவது ஒரு மில்லி விநாடி. "அக்கா, இந்தக் காசுக்கு இதைவிடப் பெருசு எங்கயும் கிடைக்காதுக்கா. தம்பிக்கு கேமும் ஆச்சு, உங்களுக்கு எழுத்தும் பெருசு பெருசாத் தெரியும்"னு சொல்லியிருக்கார்.

எழுத்து பெருசாத் தெரியுமாம். என்ன தெரிஞ்சுதுன்னு நான் நேர்ல போய்ப் பாத்தேன். ஃபுல் எச்டின்னா குறுக்கே 1920, நெடுக்கே 1080 புள்ளி. 24 இன்ச் திரையிலயும் அதே புள்ளிதான், 27 இன்ச்லயும் அதே புள்ளிதான். திரை பெருசாகுதே ஒழிய புள்ளி ஒண்ணு கூட கூடுறதில்லை. 24 இன்ச்ல ஓர் அங்குலத்துக்கு 92 புள்ளி கிட்ட வரும். 27 இன்ச்ல அது 82 ஆ இறங்கிடும். இங்கிலீஷ் எழுத்துக்கு இதுல எப்படியோ ஓட்டிடலாம். தமிழுக்கு முடியாது. மெய்யெழுத்து மேல வைக்கிற புள்ளி, ணகரத்தோட சுழி, 'கி'யோட கொக்கிக்கும் 'கீ'யோட சுழிக்கும் இருக்குற வித்தியாசம் எல்லாமே ரெண்டு மூணு திரைப்புள்ளிக்குள்ள அடங்குற சமாச்சாரம். அக்கா பிடிஎஃப்பை முழுப் பக்கமா வச்சா, 'ன்'னா 'ன'வான்னு கழுத்தை முன்னாடி நீட்டிப் பாக்க வேண்டியிருக்கு. புள்ளி விட்டுப்போச்சான்னு பாக்குறதுதான் அவங்க வேலையே! 150 சதவீதம் பெருசாக்கினா எழுத்து தெளிவாத் தெரியுது, ஆனா பாதிப் பக்கம் திரைக்கு வெளிய போயிடுது. பெரிய திரை வாங்கினதோட பலன் இது.

இதை அந்தக் கடைக்காரர் ஒரே வாக்கியத்துல சொல்லியிருக்கலாம். "எழுத்து வேலைன்னா 24 இன்ச் எடுங்கக்கா, இல்ல 27 வேணும்னா 1440பி, அதாவது புள்ளி கூடின திரையா எடுங்க." சொல்ல எத்தனை விநாடி ஆகும்? சொல்லல. ஏன்னா கையிருப்பு எது கிடக்கோ அதைத் தள்ளிவிடணும்.

சரி, பையனாவது சந்தோஷமா ஆடினானான்னா அதுவும் இல்ல. அந்த "1 எம்எஸ்" இருக்கே, அதைப் பத்தி நான் பேசியே ஆகணும். ஒரு புள்ளி ஒரு நிறத்துலருந்து இன்னொரு நிறத்துக்கு மாற எடுக்குற நேரத்தைச் சொல்ற அளவு ஒண்ணு இருக்கு, அதை ஜிடிஜின்னு போடுவாங்க. எம்பிஆர்டின்னு இன்னொண்ணு இருக்கு. அது பின்விளக்கைப் படத்துக்குப் படம் அணைச்சு அணைச்சு எரியவிட்டு, கண்ணுக்கு மங்கல் குறைவாத் தெரியுற மாதிரி பண்ணிட்டு எடுக்குற அளவு. அந்த வசதியைப் போட்டா வெளிச்சம் சட்டுனு இறங்கிடும். பெரும்பாலான மானிட்டர்ல அதைப் போட்டா அடாப்டிவ் சிங்க் (கிராபிக்ஸ் கார்டு படம் அனுப்புற வேகத்துக்குத் தக்கபடி திரை தன் வேகத்தை மாத்திக்கிற வசதி) வேலை செய்யாது. ஆக, யாரும் தினசரி போட்டு வைக்காத ஒரு அமைப்புல எடுத்த நம்பரைப் பெட்டி மேல கொட்டை எழுத்துல போட்டு, "எம்பிஆர்டி"ங்கிறதைப் பூதக்கண்ணாடி வச்சுத் தேடுற அளவுக்குப் பொடி எழுத்துல போடுறாங்க. ஜிடிஜின்னு போட்டா மட்டும் யோக்கியமா? ஓவர்டிரைவை (புள்ளி நிறம் மாறுறதை முடுக்கிவிடுற அமைப்பு) உச்சத்துல வச்சு, இருக்குற மாற்றங்கள்லயே வேகமான ஒண்ணை எடுத்துப் போட்டுக்குறாங்க. அதே உச்சத்துல வச்சு நாம ஆடினா ஓடுற உருவத்துக்குப் பின்னாடி வெள்ளையா ஒரு நிழல் ஓடும்.

அக்கா வீட்டுல இருக்குறது விஏ பேனல். திரைத் தகட்டுல அது ஒரு வகை, ஐபிஎஸ் இன்னொரு வகை. விஏவுக்குன்னு நல்ல குணம் இருக்கு, நான் இல்லைன்னு சொல்லல. ஐபிஎஸ்ல 1000-க்கு 1னு இருக்குற கான்ட்ராஸ்ட் (வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம்) விஏல 3000-க்கு 1 சர்வ சாதாரணம். ராத்திரி விளக்கை அணைச்சுட்டுப் படம் பாக்க அருமையா இருக்கும். ஆனா விலை குறைஞ்ச விஏ, கறுப்புலருந்து அடர் சாம்பலுக்கு மாற 20 மில்லி விநாடிக்கு மேலயும் எடுக்கும். 165 ஹெர்ட்ஸ்னா ஒரு படத்துக்கு 6 மில்லி விநாடிதான். மூணு படம் கடந்து போன பிறகும் பழைய படத்தோட கறை திரையில நிக்குது. இருட்டுல ஓடுற ஆளுக்குப் பின்னாடி கரி பூசின மாதிரி இழுத்துட்டுப் போறதைப் பையன் எனக்குக் காட்டினான். அதுக்கும் பேரு "1 எம்எஸ்"தான்.

இன்னொரு கூத்து. பெட்டியில இருந்தது ஒரே ஒரு எச்டிஎம்ஐ கேபிள். அந்த மானிட்டர்ல எச்டிஎம்ஐ வழியா 165 வராது, டிஸ்ப்ளேபோர்ட் வழியாத்தான் வரும். டிஸ்ப்ளேபோர்ட் கேபிளைத் தனியா வாங்கணும். கேபிளை மாட்டினா மட்டும் போதாது, விண்டோஸ்ல டிஸ்ப்ளே செட்டிங்ஸ் உள்ள போய், அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேல ரெஃப்ரெஷ் ரேட் எவ்வளவுல நிக்குதுன்னு பாக்கணும். பல கணினியில அது 60லயே கிடக்கும். 144, 165, 180னு காசு கொடுத்து வாங்கிட்டு வருஷக்கணக்கா 60ல ஓட்டிட்டு இருக்குற வீடு எத்தனை இருக்கும்? நான் போன வீடுகள்லயே பாத்திருக்கேன். ஒரு துண்டுச் சீட்டுல ரெண்டு வரி அச்சடிச்சுப் போட என்ன செலவாயிடும்?

எச்டிஎம்ஐ 2.1னு போட்டிருந்தா நல்ல போர்ட்னு நம்புறீங்களா? நம்பாதீங்க. 2021 கடைசியிலேயே வெளிய வந்த சங்கதி இது: உரிமம் கொடுக்குற அமைப்பு 2.0ங்கிற பேரையே கைவிட்டுட்டுது, 2.1ஓட புது அம்சங்கள் எல்லாம் விருப்பம் இருந்தா சேத்துக்கலாம். அதாவது பழைய 2.0 வேகத்துல ஓடுற போர்ட்டுக்கும் 2.1னு பேர் வைக்கலாம், தப்பில்லை. பிஎஸ்5 கேம் பெட்டி வச்சிருக்குறவங்க விஆர்ஆர் (அடாப்டிவ் சிங்க் மாதிரியே திரை வேகத்தை மாத்திக்கிற வசதி) வேணும்னு ஆசைப்பட்டு வாங்கினா, போர்ட் பேரைப் பாத்தா போதாது, விஆர்ஆர் தனியா எழுதியிருக்கான்னு பாக்கணும்.

எச்டிஆர், அதாவது வெளிச்சத்தையும் இருட்டையும் அதிக வீச்சோட காட்டுற வசதின்னு போடுறது இதைவிட மோசம். "எச்டிஆர்10 ஆதரவு"ன்னா அந்த சிக்னலை அந்த மானிட்டர் வாங்கிக்கும், அவ்வளவுதான் அர்த்தம். 250 நிட்ஸ் வெளிச்சம் உள்ள திரையில எச்டிஆரைப் போட்டா படம் வெளிறிப் போகும். திரைகளுக்குத் தரம் வகுக்குற வெசா அமைப்போட டிஸ்ப்ளேஎச்டிஆர் 400 சான்றிதழ் கூட 400 நிட்ஸ் உச்சத்தைத்தான் கேக்குது, திரையைப் பகுதி பகுதியா மங்கவைக்கிற வசதி இருந்தே ஆகணும்னு கேக்குறதில்லை. 20,000 ரூபாய்க்குள்ள வாங்குறவங்க எச்டிஆர்ங்கிற சொல்லையே கண்டுக்க வேண்டாம். அதுக்குன்னு ஒரு ரூபாய் கூடக் கொடுக்காதீங்க. 'ஐ கேர்', 'லோ ப்ளூ லைட்'னு சொல்லி 1,000 ரூபாய் ஏத்துறாங்களே, அந்த மஞ்சள் வெளிச்சம் விண்டோஸ் நைட் லைட்ல காசில்லாமலே இருக்கு. பின்விளக்கு சிமிட்டாம இருக்குறதுதான் கண்ணுக்கு முக்கியம், அதைக் கேட்டா கடையில முழிக்கிறாங்க.

வரி பேரைச் சொல்லி ஏமாத்துறது வேற. 2025 செப்டம்பர் 22லருந்து மானிட்டருக்கு ஜிஎஸ்டி 28லருந்து 18 ஆனது உண்மை. ஆனா அது 32 இன்ச்சுக்கு மேல இருக்குறதுக்கு. 32 வரைக்கும் உள்ளதுக்கு 2019 ஜனவரியிலருந்தே 18தான். 24க்கும் 27க்கும் "ஜிஎஸ்டி குறைப்பு விலை"ன்னு பேனர் கட்டின கடையை நான் கண்ணால பாத்தேன். என்ன துணிச்சல்!

நான் சொல்றது பணம் உள்ளவங்களுக்காக இல்ல. 60,000 கொடுத்து ஓஎல்இடி (ஒவ்வொரு புள்ளியும் தானே எரியுற திரை) வாங்குறவர் பத்து விமர்சனம் பாத்துட்டுத்தான் வாங்குறார், பிடிக்கலைன்னா வித்துட்டு வேற வாங்குவார். 8,000, 10,000, 13,000னு சீட்டுப் பணத்துல வாங்குறவங்களுக்கு ரெண்டாவது வாய்ப்பே கிடையாது. அவங்க வாங்குற விலையில தான் இந்தப் பொய் நம்பர் எல்லாம் குவிஞ்சு கிடக்கு. யார் ஏமாந்தா எழுந்திரிக்க முடியாதோ அவங்களைப் பாத்து ஏமாத்துறதை எப்படிப் பொறுத்துக்குறது?

கேக்குறவங்களுக்கு நான் சொல்றதைச் சொல்லிடுறேன். 10,000 ரூபாய்க்குள்ளன்னா 24 இன்ச், ஐபிஎஸ், ஃபுல் எச்டி, 100 ஹெர்ட்ஸ் போதும், கண்ணை மூடிட்டு 27ஐ வேண்டாம்னு சொல்லுங்க. அதுவும் முடியலைன்னா, கம்பெனிகள் கழிச்சு விடுற ஆபீஸ் மானிட்டர் சென்னை ரிச்சி தெரு மாதிரி இடங்கள்ல கிடைக்கும். கடையிலேயே போட்டுக் காட்டச் சொல்லி, திரை முழுக்க வெள்ளை, முழுக்கக் கறுப்பு ரெண்டும் வச்சு, பழுதான புள்ளி இருக்கான்னு பாத்து எடுங்க. அதுல பல மானிட்டருக்கு உயரம் ஏத்தி இறக்குற ஸ்டாண்ட் இருக்கும், புது மானிட்டர்ல இந்த விலைக்கு அது கிடைக்குறது அபூர்வம். கழுத்து வலிக்கு அந்த ஸ்டாண்ட் தான் மருந்து. 15,000லருந்து 20,000 வரைக்கும் போக முடியும்னா 27 இன்ச், 1440பி, ஐபிஎஸ். அங்குலத்துக்கு 109 புள்ளி வரும், எழுத்தும் நல்லா இருக்கும், கேமும் நல்லா இருக்கும். ஆனா ஃபுல் எச்டியை (1080பி) விட முக்கால் பங்குக்கு மேல கூடுதல் புள்ளியை கிராபிக்ஸ் கார்டு தள்ளணும், பழைய கார்டு திணறும். அதுக்கு மேல காசிருந்து எழுத்து வேலைதான் முக்கியம்னா 27 இன்ச் 4கே, 60 ஹெர்ட்ஸ் ஆனாலும் பரவாயில்லை. அங்குலத்துக்கு 163 புள்ளி. அதுல தமிழைப் படிச்சுப் பாருங்க, அச்சுல பாக்குற மாதிரி நிக்கும். ஓஎல்இடி கேமுக்கும் படத்துக்கும் அற்புதம். நாள் முழுக்க டாஸ்க்பாரும் வெள்ளைப் பக்கமும் அசையாம நிக்கிற வேலைக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன், அசையாத அந்த உருவம் திரையில தழும்பாப் பதிஞ்சுடலாம். சில வகை ஓஎல்இடில எழுத்தோட ஓரத்துல நிறம் கசியும்.

அக்கா மானிட்டர் கதைக்கு வர்றேன். வாங்கின மறுநாளே திரை நடுவுல ஒரு பச்சைப் புள்ளி. எந்தப் பக்கம் திறந்தாலும் அங்கயே எரியுது. மெய்யெழுத்துப் புள்ளியைத் தேடுறதே வேலையா இருக்குறவங்க கண்ணு முன்னாடி! கடைக்குப் போனா, "கம்பெனில அஞ்சு புள்ளி போனாத்தான் மாத்துவாங்க, ஒண்ணுக்கெல்லாம் மாத்த மாட்டாங்க"ன்னு சொல்லிட்டாங்க. எத்தனை புள்ளி பழுது வரைக்கும் ஏத்துக்கலாம்னு ஐஎஸ்ஓ 9241-307 தரநிலை வகுப்பு வகுப்பாப் பிரிச்சு வச்சிருக்குங்கிறது எனக்கும் தெரியும். இருபது லட்சம் புள்ளியில ஒண்ணு ரெண்டு போகலாம், தொழிற்சாலையில அது நடக்கும். அந்த அஞ்சு கணக்கை வாங்குறதுக்கு முன்னாடி சொன்னியாங்கிறதுதான் என் கேள்வி. பெட்டியில இருக்கா? இல்ல. பில்லுல இருக்கா? இல்ல. பில்லுல இருக்குறது "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" ஒண்ணுதான்.

அந்த வரியை அச்சடிச்சுட்டா சட்டம் ஆயிடாது. குறையுள்ள பொருளை, பில்லுல சொன்ன காலத்துக்குள்ள, அப்படி எதுவும் சொல்லலைன்னா 30 நாளைக்குள்ள, திரும்ப எடுத்துக்க மறுக்குறது முறையற்ற வணிகம்னு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்லுது. இதைக் கடையில சொன்னதுக்கு, "எங்க வேணும்னாலும் போய்ச் சொல்லுங்க"ன்னாங்க. போயிட்டோம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குக் கூப்பிட்டுப் புகார் பதிஞ்சாச்சு. பில், பெட்டி மேல இருந்த அந்த "1 எம்எஸ்", பச்சைப் புள்ளி மூணையும் படம் எடுத்து வச்சிருக்கோம். அங்க முடியலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். 13,000 ரூபாய்க்கு இவ்வளவு அலைச்சல் எதுக்குன்னு தெருவுல ரெண்டு பேர் அக்காவைக் கேட்டாங்களாம். அந்த 13,000 எத்தனை ஆயிரம் பக்கம் படிச்சுச் சேத்த காசுன்னு அவங்களுக்கு எங்க தெரியும்?