வெனிஸில் உட்காரக்கூடக் காசு

சான் மார்கோ சதுக்கத்தை 'ஐரோப்பாவின் வரவேற்பறை' என்று சொல்வார்கள். சரி. வீட்டுக்கு வந்தவர்களுக்கு வரவேற்பறையில் ஒரு நாற்காலி போட மாட்டார்களா?

எத்தனை வருஷக் கனவு தெரியுமா வெனிஸ்! விசாவுக்கு அலைந்து, சீட்டுப் பணத்தை எடுத்து, அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனால், அந்த ஊரில் ஒரு மனுஷி ஐந்து நிமிஷம் உட்கார முடியவில்லை. ஜூலை வெயில். வழியெல்லாம் பாலம். ஒவ்வொரு பாலமும் ஏறி இறங்கவேண்டிய படிக்கட்டு. முட்டிவலிக்காரர்களுக்கு அது சுற்றுலா இல்லை, தண்டனை. சதுக்கத்துக்கு வந்ததும் தூண்களுக்குக் கீழே நிழலில் படியைப் பார்த்தார் அம்மா, அப்பாடா என்று உட்கார்ந்தார். செருப்பைக் கழற்றி பாதத்தைப் பிடித்துவிடக்கூட இல்லை, சீருடை போட்ட ஒரு பெண் வந்து நின்று, உள்ளங்கையை மேலே மேலே ஆட்டினாள். எழுந்திரு என்று அர்த்தம். அங்கே தரையிலோ படியிலோ உட்கார்ந்தால் 100 முதல் 200 யூரோ வரை அபராதமாம்.

சரி, விதி விதிதான். அப்படியானால் பெஞ்ச் எங்கே? அவ்வளவு பெரிய சதுக்கத்தில் பெஞ்ச் என்று ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. நாற்காலி மட்டும் நூற்றுக்கணக்கில், அத்தனையும் காபிக் கடைகளுடையவை. உட்கார்ந்தோம். நின்றுகொண்டே குடித்தால் ஒன்றரை யூரோவுக்குள் முடிகிற காபிக்கு அங்கே வேறு விலை. போதாததற்கு, பக்கத்தில் வயலின் வாசித்தார்களாம், அதற்குத் தலைக்கு இவ்வளவு என்று பில்லில் தனியாக ஒரு வரி. நான் கேட்டேனா வாசிக்கச் சொல்லி? ஆக, படியில் உட்கார்ந்தால் ஊரின் மானம் போகும், காசு கொடுத்து உட்கார்ந்தால் போகாது. நல்ல நியாயம்!

அந்த ஊர் பஸ் மாதிரி ஓடுகிற வாப்பரெட்டோ படகில் ஏறி உட்காரலாமே என்பீர்கள். 75 நிமிஷ டிக்கெட் 9.50 யூரோ. ஏறினால் தொங்காத குறையாக நின்றுகொண்டு போகவேண்டும். கொண்டோலா என்கிற துடுப்புப் படகில் சொகுசாக உட்காரலாம், அரை மணிக்கு 90 யூரோ. கழிவறையில் உட்காரவும் 1.50 யூரோ, அதற்கும் வரிசை. பகலில் வந்து போகிறவர்களிடம் 2024-லிருந்து குறிப்பிட்ட நாட்களில் நுழைவுக் கட்டணம் வேறு வாங்குகிறார்கள். வாங்குகிற காசில் நாலு பெஞ்ச் போட்டால் குடியா முழுகிவிடும்?

அந்த ஊர்க்காரர்கள் கஷ்டம் புரியாமல் இல்லை. பழைய நகரத்தில் குடியிருப்பவர்கள் 50,000 பேருக்கும் கீழே போய்விட்டார்கள். பாலத்தின் நடுவில் சப்பணமிட்டு பீட்சா தின்கிற கூட்டத்தைப் பார்த்தால் எனக்கே எரிச்சல் வந்தது. ஊருக்குள்ளே சில சின்னச் சதுக்கங்களில் சிவப்பு பெஞ்ச் இருக்கிறது. நாங்கள் போனபோது அந்த ஊர்ப் பாட்டிகள் உட்கார்ந்திருந்தார்கள், அது அவர்கள் உரிமை. ஆனால் பீட்சா தின்கிறவனுக்கும் கால் வீங்கிய கிழவிக்கும் ஒரே சட்டமா? இதில் ரோம் இன்னும் ஒரு படி மேல். அங்கே ஸ்பானிஷ் படிக்கட்டு என்கிற பேர்போன படிக்கட்டில் உட்காரக்கூடாது என்று 2019-லேயே விரட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

வயதானவர்களோடு போகிறவர்கள் சதுக்கத்தில் மல்லுக்கட்டாதீர்கள். கரையோரமாகக் கிழக்கே ஜார்தீனி பூங்காவுக்குப் போய்விடுங்கள். மரம், நிழல், பெஞ்ச், பைசா செலவில்லை. அந்தப் பூங்காவைப் போட வைத்தது வெனிஸ்காரர்கள்கூட இல்லை. 1797-ல் அவர்கள் குடியரசையே முடித்துவைத்த நெப்போலியன்!