ஒரு தட்டு ஆலியோ ஓலியோ ஸ்பகெட்டி ஒழுங்காகச் செய்ய ஆளில்லையா இந்த ஊரில்?

பத்து வருஷமாகத் தேடுகிறேன். செருப்பை மாட்டிக்கொண்டு, பிள்ளைகுட்டிகளோடு போய் உட்கார்ந்து, நல்ல ஸ்பகெட்டி ஒரு தட்டு சாப்பிட்டு வர சிங்கப்பூரில் சாதாரணமாக ஓர் இத்தாலியக் கடை வேண்டும். அவ்வளவுதான் கேட்கிறேன்!

கிளப் ஸ்ட்ரீட், டக்ஸ்டன் ஹில் பக்கம் நல்ல சமையல் கிடைக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதெல்லாம் கல்யாண நாளுக்குப் போகிற இடம். மாதம் இரண்டு தடவை குடும்பத்தோடு போகக் கட்டுப்படியாகுமா? அதை விட்டால் பேரங்காடிக்குள் இருக்கும் கடைகள்தான். அங்கேதான் வயிறு எரிகிறது.

போன சனிக்கிழமை அம்மாவின் பிறந்தநாள். அம்மா சுத்த சைவம். ஆலியோ ஓலியோவில் பூண்டு, ஆலிவ் எண்ணெய், காய்ந்த மிளகாய், கொஞ்சம் பார்ஸ்லி, இவ்வளவுதான். சீஸே கிடையாது என்று நான்தான் சொல்லிக் கூட்டிப்போனேன். தட்டு வருகிறது, மேலே பனி பெய்த மாதிரி சீஸ் தூள்! கேட்டால், "சீஸ் சைவம்தானே?" என்கிறார் பரிமாறிய பையன். பார்மிஜானோ ரெஜ்ஜானோ என்கிற இத்தாலியச் சீஸைச் செய்யும்போது பால் உறைவதற்குக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட்டைத்தான் சேர்க்கிறார்கள். இத்தாலியக் கடை நடத்துகிறவர்களுக்கு இது தெரிய வேண்டாமா? பையன்மேல் கோபமில்லை. அவருக்குச் சொல்லிக்கொடுக்காத முதலாளிமேல்தான்.

மாற்றித் தந்தார்கள். பூண்டு ஓரமெல்லாம் கருகி, நாக்கில் வைத்ததும் ஒரே கசப்பு. ஸ்பகெட்டி கொத்துக் கொத்தாக ஒட்டிக் கிடக்கிறது, தட்டின் அடியில் எண்ணெய் குளம் கட்டி நிற்கிறது. வேகவைத்த தண்ணீரில் ஒரு கரண்டி எடுத்து ஊற்றி வேகமாகக் கிளறினால், அதிலுள்ள மாவுச்சத்து எண்ணெயோடு சேர்ந்து குழம்பு மாதிரி இழையில் பிடித்துக்கொள்ளும். இதற்கு ரோமுக்குப் போய்ப் படிக்க வேண்டியதில்லை! காப்பிக் கடையில் அடுப்பைவிட்டு நகராமல் சார் குவே தியாவ் என்கிற தட்டை நூடுல்ஸை வறுக்கிற அங்கிளுக்குத் தீயின் பக்குவம் நொடிக்கு நொடி தெரிகிறதே, அந்த அக்கறையில் கால்வாசி போதும்.

மகன் கேட்டது கார்போனாரா. வந்தது வெள்ளைக் கிரீமில் மிதக்கிற நூடுல்ஸ். அதில் வழக்கமாகப் போடுகிற பன்றி இறைச்சியைச் சேர்க்க முடியாத கடைகள் உண்டு, அது நியாயம், கோழியோ வான்கோழியோ போடட்டும். ஆனால் முட்டை மஞ்சள் கருவைத் தூக்கிவிட்டுக் கிரீமை ஊற்றச் சொன்னது யார்? முட்டையும் பெக்கொரினோ சீஸும் மிளகும் சேர்ந்து வருகிற வழவழப்புதானே கார்போனாரா!

அப்புறம் பில். பட்டியலில் 26 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), பக்கத்தில் கண்ணுக்கே தெரியாத அளவில் இரண்டு கூட்டல் குறி. சேவைக் கட்டணம் 10 விழுக்காடு சேர்ந்தால் 28.60. அந்தச் சேவைக் கட்டணத்துக்கும் சேர்த்துப் பொருள் சேவை வரி 9 விழுக்காடு. ஆக மொத்தம் 31 வெள்ளி 17 காசு, ஒரு தட்டுக்கு! குடிக்கிற தண்ணீருக்குத் தலைக்கு ஒரு வெள்ளி தனி. அம்மா மாத்திரை போடுவதற்காகக் கேட்ட வெந்நீருக்கும் சேர்த்துத்தான். கருகின பூண்டுக்கு எதற்கையா சேவைக் கட்டணம்?

அம்மா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. நாலு வாய் சாப்பிட்டுத் தட்டை ஓரமாக நகர்த்தினார். வீட்டுக்கு வந்து, நான் பார்க்காத நேரமாகப் பார்த்து, அடுப்படியில் நின்றபடியே தயிர்சாதம் பிசைந்து சாப்பிட்டிருக்கிறார். பிறந்தநாளும் அதுவுமாக.