ஊரான் பணத்தில் என்ன துணிச்சல்?

நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்து வீடியோவை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். எனக்கே ஏழெட்டுப் பேர் சிரிப்புப் பொம்மையோடு அனுப்பிவிட்டார்கள். "மதுரைக்காரன் ஒரே கடையில் உட்கார்ந்து கிழவனாவான், ரிஸ்க் எடுக்கமாட்டான்" என்று மேடையில் பேசிய தம்பி ஒருவர் மைக்கில் சொன்னபோது கேமரா நேராக என் மேல்தான் வந்து நின்றது. சரி, கிழவன்தான். புதூரில் அப்பா வைத்த நகை அடகுக்கடை, இன்றைக்கும் அதே ஒரு கடைதான்.

ஆனால் வளர்வதற்கு அவர் சொன்ன வழி என்ன? வாடிக்கையாளர்களிடமே டெபாசிட் வாங்கு, மாதம் இரண்டு வட்டி கொடு, அந்தப் பணத்தில் மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி என்று கிளை போடு. தம்பி, இதற்குப் பெயர் ரிஸ்க்கை அடுத்தவன் தலையில் கட்டுவது. என் மாதிரி தனிக் கடைக்காரன் வெளியாரிடம் டெபாசிட் வாங்கவே கூடாது என்று ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 45எஸ் பிரிவு சொல்கிறது. சொந்தக்காரர்களிடம் கடன் வாங்கலாம், அவ்வளவுதான். மேடையில் இருந்த ஒருவருக்கும் இதைச் சொல்ல வாய் வரவில்லை.

நான் ரிஸ்க் எடுக்காதவனா? 2013 ஏப்ரலில் தங்கம் மடமடவென்று சரிந்ததே, அப்போது மீட்க வராத நகைகளை ஏலம் விட்டதில் அசலே தேறவில்லை. போனது என் பணம். யாரும் என் கடை வாசலில் வந்து அழவில்லை.

அப்படி அழுதவரை நான் பார்த்திருக்கிறேன், என் அத்தை. 90-களில், மாமா ரிட்டயர் ஆகி வந்த பணம் மொத்தத்தையும் ஒரு ஃபைனான்ஸில் போட்டார். 24 சதவீத வட்டி, ஏசி ஆபீஸ், போனால் காபி. ஒருநாள் ஷட்டர் இறங்கியது. தமிழ்நாடு முழுக்க இப்படி மூடிக்கொண்டு ஓடியதால்தான் 1997-ல் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டமே வந்தது. அதற்கான தனி நீதிமன்றம் மதுரையிலேயே இருக்கிறது. அங்கே ஒரு காலை நேரம் வராண்டாவில் நின்றுவிட்டு வந்து அந்தத் தம்பி வளர்ச்சி பற்றிப் பேசட்டும். அத்தைக்குக் கடைசிவரை அசல் முழுசாக வரவில்லை. ஓடிப்போன முதலாளியையும் ஊரில் துணிச்சல்காரர் என்றுதான் சொன்னார்கள்.

"அப்படிப் பயந்திருந்தால் ஸ்ரீராம் ஃபைனான்ஸ் வளர்ந்திருக்குமா?" என்று கேட்பீர்கள். 1974-ல் சீட்டுக் கம்பெனியாக ஆரம்பித்து, பிறகு வங்கிகள் ஏறெடுத்தும் பார்க்காத பழைய லாரிக்காரர்களுக்குக் கடன் கொடுத்தார் அதன் நிறுவனர் தியாகராஜன். லாரிக்காரரைத் தெரிந்தவருக்கு அது ரிஸ்க் இல்லை, கணக்கு. அதுவும் ஊர்ப் பணம்தானே என்றால், ஆமாம், ஊர்ப் பணம்தான். ஆனால் லைசென்ஸும் தணிக்கையும் இருக்கிற இடம். இதற்கு மேல் விளக்க எனக்குப் பொறுமை இல்லை.

பொறாமை என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளுங்கள். அந்தத் தம்பி சின்னப் பையன், விடுங்கள். முன்வரிசையில் கைதட்டிய அண்ணன்மார்களில் எத்தனை பேர் மகள் கல்யாணத்துக்கு ராத்திரி பத்து மணிக்கு என் வீட்டுக் கதவைத் தட்டியவர்கள்! அன்றைக்கு இந்த ஒரே கடை போதுமானதாக இருந்ததே, அண்ணே?

அடுத்த கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட வேண்டாம். சங்கத்துச் சந்தா பாக்கி இருந்தால் ஆள் அனுப்புங்கள், கொடுத்துவிடுகிறேன். என் சொந்தப் பணத்திலிருந்து.