தொல்லையாக வந்த துடிப்பு

விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜனை அளக்கும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் பற்றிய உங்கள் கட்டுரையில், அதன் அடிப்படை முறையைக் கண்டுபிடித்த தகுவோ அஓயாகியின் பெயரே இல்லாதது வருத்தமாக இருக்கிறது. ஜப்பானின் நிஹோன் கோடென் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். 1970-களின் தொடக்கத்தில் காது மடலில் ஒளி பாய்ச்சி வேறொன்றை அளக்கப் பார்த்தார். நாடித்துடிப்பு குறுக்கே வந்து கெடுத்தது. அந்தத் துடிப்பையே பிடித்துக்கொண்டார்! சிவப்பு, அகச்சிவப்பு ஒளிகள் துடிப்புக்கேற்ப எவ்வளவு ஏறி இறங்குகின்றன என்று ஒப்பிட்டால் தமனி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு தெரிந்துவிடும். ஊசியே வேண்டாம்.

கொரோனா சமயத்தில் அம்மாவின் விரலில் ஆக்சிஜன் அளவு 88 சதவீதம் என்று காட்டியது, பதறிவிட்டோம். விரல் சில்லென்று இருந்தது. தேய்த்துச் சூடாக்கி மாட்டினால் 96. நகப்பூச்சும் இப்படிக் குழப்பும். கருத்த தோல் உள்ளவர்களுக்கு உண்மையான அளவைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பதையும் தயவுசெய்து சேருங்கள். நம்மவர்கள் அவசியம் அறிய வேண்டியது அது.