சிறிய அச்சகங்களுக்கும் வழி வேண்டும்
பதிப்பகங்கள் எல்லாம் சுற்றுச்சூழல் சான்றிதழ் பெற வேண்டும் என்று அண்மையில் ஒரு கட்டுரையில் வாசித்தேன். எனக்கும் உடன்பாடுதான். ஆனால் யாழ்ப்பாணத்தில் பல நூல்கள் எழுதியவரின் சொந்தக் காசில், சில நூறு பிரதிகளாகத்தான் வருகின்றன. பொறுப்போடு பராமரிக்கும் காட்டிலிருந்து வந்த கடதாசி என்று காட்டும் எவ்.எஸ்.சி. (FSC) முத்திரையைப் புத்தகத்தில் போட நல்ல கடதாசி வாங்கினால் மட்டும் போதாது. ஆலை, கடதாசி வியாபாரி, அச்சகம் என்று கைமாறும் ஒவ்வோர் இடத்திலும் சான்றிதழ் இருக்க வேண்டும். இடையில் ஒருவரிடம் இல்லாவிட்டாலும் முத்திரை கிடையாது. ஆண்டுதோறும் தணிக்கை, அதற்குக் கட்டணம் வேறு. தனி அச்சகம் ஒன்று இதைத் தாங்குமா? சிறு நிறுவனங்கள் சேர்ந்து பெறும் கூட்டுச் சான்றிதழும் எவ்.எஸ்.சி. அமைப்பில் இருக்கிறது. எங்கள் அச்சக உரிமையாளர்கள் அதை விசாரித்துப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. அந்த முத்திரை கடதாசி வந்த காட்டைப் பற்றித்தான் சொல்லும். விற்காமல் வீட்டு அறையில் கறையான் அரிக்கும் பிரதிகளைப் பற்றிச் சொல்லாது. 2022இல் கடதாசித் தட்டுப்பாட்டால் இலங்கையின் மேல் மாகாணத்தில் பாடசாலைத் தவணைப் பரீட்சைகளே தள்ளிப்போயின. வெளியீட்டு விழாவுக்காக 500 அடிக்காமல், முதலில் 100 அடித்துவிட்டுக் கேட்கக் கேட்க அடிக்கலாமே. மின்பிரதி ஒன்றை, எங்கள் தமிழ் நூல்களை இணையத்தில் சேர்த்து வைக்கும் நூலகம் நிறுவனத்துக்கும் கொடுத்துவிடுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்களும் அங்கே வாசிப்பார்கள்.